முப்பது வருட மீத்தேன் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி

ஒரு நாட்டின், அல்லது நாலைந்து நாடுகள் சேர்ந்த ஒரு பகுதியின் மீத்தேன் வெளியேற்றம் முப்பது நாற்பது வருடங்களில் எப்படி மாறியிருக்கிறது என்று தேடினால், ஐந்து நிமிடத்தில் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது ஏறுகிற கோடாகத்தான் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் மாடும் வயலும் சுரங்கமும் குப்பைமேடும் போட்டது, கொஞ்சம் கணக்கெழுதியவர்கள் போட்டது. இரண்டையும் பிரிக்கத் தெரியாவிட்டால் கோடு சும்மா அலங்காரம். பிரிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, ஒரு எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

உதாரணங்களைப் பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்து எடுக்கிறேன். மாடு, எருமை, நெல், நிலக்கரி, குப்பை எல்லாமே அங்கே பெரிய அளவில் இருக்கின்றன, அளந்து வைத்த தரவுதான் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவை எடுத்தாலும் தென்கிழக்காசியாவை எடுத்தாலும் செய்முறை இதேதான்.

தொடங்கும் முன் ஒரு பழைய கதை, எண்களை ஏன் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்காக. 1990 வாக்கில் இந்திய நெல் வயல்களிலிருந்து மட்டும் வருடத்துக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் வருகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று சொன்னது. எங்கோ வெளிநாட்டு வயல்களில் அளந்த அளவை இந்தியாவின் மொத்த நெல் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. 1991ல் இந்திய விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் வயலில் பெட்டியைக் கவிழ்த்து வைத்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. வயல் மாறவில்லை, பெருக்கிய எண்தான் மாறியது. இந்த இரண்டு மதிப்பீட்டையும் விவரம் தெரியாமல் ஒரே கோட்டில் இணைத்தால், ஒரே வருடத்தில் நெல் வயல்கள் மாயமாகத் திருந்திவிட்டது போலத் தெரியும்!

அலகை முதலில் கட்டிப்போடுங்கள்

முதல் நாளே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மீத்தேன் டன்னில் மட்டுமே வைத்துக்கொள்வது. கரியமில வாயுவுக்குச் சமமான டன் என்று, அதாவது அதே அளவு சூடேற்ற எத்தனை டன் கரியமில வாயு வேண்டும் என்று பெருக்கி எழுதி வரும் எண்களை உடனே திருப்பி மாற்றிவிட வேண்டும். காரணம், மாற்றப் பயன்படுத்தும் பெருக்கல் எண்ணே காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது. சூடேற்றத்தை நூறு வருடத்துக்குக் கூட்டிப் பார்க்கும் கணக்குக்கு, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் இரண்டாம் அறிக்கை 21 என்றது, நான்காவது 25, ஐந்தாவது 28, ஆறாவது அதை ஒட்டியே, சுமார் 27.9. இருபது வருடக் கணக்கு என்றால் 80ஐத் தாண்டிவிடும். ஒரு நாடு பழைய அறிக்கையில் 21 போட்டு, புதிய அறிக்கையில் 28 போட்டால், ஒரு மாடுகூடக் கூடாமல் வெளியேற்றம் 33 சதவீதம் கூடியதாகத் தெரியும். எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்பது பெரும்பாலும் அறிக்கையின் ஏதோ ஒரு அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அது கிடைக்கும் வரை அந்த எண்ணைத் தாளில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, உலக அளவு ஆய்வுகள் டெராகிராமில் பேசும். ஒரு டெராகிராம் என்றால் பத்து லட்சம் டன், அவ்வளவுதான்.

தரவு எங்கே கிடைக்கும், அதில் எங்கே ஓட்டை இருக்கும்

ஐரோப்பிய ஆணையத்தின் எட்கர் தரவுத்தளம் எல்லா நாடுகளுக்கும் 1970லிருந்து வருடவாரியாக, துறைவாரியாகத் தருகிறது, இலவசம். அதில் ஒரு விதிதான் முக்கியம், பதிப்புகளைக் கலக்காதீர்கள். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பழைய வருடங்களையும் சேர்த்தே திருத்துவார்கள். பழைய பதிப்பிலிருந்து 2008 வரை, புதியதிலிருந்து மீதி என்று ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒரு படி விழும், அந்தப் படிக்கு நீங்களே ஒரு பொருளாதாரக் காரணமும் கண்டுபிடித்துவிடுவீர்கள். நானும் கண்டுபிடித்திருக்கிறேன், மிக நன்றாகவே இருந்தது அந்தக் காரணம்.

அடுத்தது நாடுகளே ஐ.நா. காலநிலை அமைப்புக்குத் தரும் கணக்கு. பணக்கார நாடுகள் 1990 தொடங்கி ஒவ்வொரு வருடத்துக்குமான கணக்கைத் தவறாமல் தந்தாக வேண்டும். வளரும் நாடுகளுக்கு அந்தக் கட்டாயம் நெடுநாள் இருக்கவில்லை. இந்தியாவை எடுத்தால் 1994, 2000, 2010, 2014, 2016, 2019, 2020 என்று விட்டுவிட்டுத்தான் புள்ளிகள் கிடைக்கும், அவையும் ஒரே முறையில் போட்ட கணக்கு இல்லை. இவற்றைப் புள்ளிகளாகவே வரையுங்கள், கோடு போட்டு இணைக்காதீர்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2024 இறுதியிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை என்று வந்திருப்பதால் இனிமேல் நிலைமை மாறலாம்.

மூன்றாவது, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரம். 1961லிருந்து கால்நடை எண்ணிக்கை, நெல் பரப்பு எல்லாம் இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி இருக்கிறது பாருங்கள், அது அரசு தந்த எண்ணா, அமைப்பே மதிப்பிட்டதா, இடையில் நிரப்பியதா என்று சொல்லும். பலர் அந்தக் குறிகள் உள்ள நெடுவரிசையையே நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். நீக்காதீர்கள். ஒரு நாட்டின் ஆட்டு எண்ணிக்கை ஏழு வருடம் துல்லியமாக ஒரே சதவீதம் வளர்ந்திருந்தால், அங்கே ஆடுகளை யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். எண்ணுகிற நாட்டிலும் கணக்கெடுப்பு வருடாவருடம் நடக்காது, இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்புகள் 2007, 2012, 2019 என்று இடைவெளி விட்டுத்தான் நடந்தன. நடுவில் உள்ளவை எல்லாம் ஊகம்தான். எல்லைகளும் மாறும். 2011ல் சூடான் இரண்டானது, அதைக் கவனிக்காமல் 'சூடான்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அந்த வருடம் லட்சக்கணக்கான மாடுகள் காணாமல் போகும்.

தலையையும் பெருக்கல் எண்ணையும் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்லாத் துறையிலும் கணக்கு ஒன்றுதான். எத்தனை இருக்கிறது என்பதை, ஒன்றுக்கு எவ்வளவு மீத்தேன் என்பதால் பெருக்குவது. எத்தனை என்பது பெரும்பாலும் ஓரளவு நம்பக்கூடியது. ஒன்றுக்கு எவ்வளவு என்பதில்தான் எல்லா வில்லங்கமும்.

மாட்டையே எடுத்துக்கொள்வோம். ஐபிசிசியின் 2006ஆம் வருட வழிமுறை இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தரும் எளிய எண்கள்: கறவை மாட்டுக்கு வருடம் 58 கிலோ, மற்ற மாட்டுக்கு 27, எருமைக்கு 55. வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு 128. இந்த 58 என்பது வருடத்துக்குச் சுமார் 900 கிலோ பால் தரும் மாட்டை மனதில் வைத்துப் போட்டது. பால் கூடினால் தீனி கூடும், தீனி கூடினால் இரைப்பையில் உருவாகும் மீத்தேனும் கூடும். ஆக 1980க்கும் 58, 2020க்கும் 58 என்று போட்டுப் பெருக்கினால், உங்கள் 'நீண்டகாலப் போக்கு' என்பது வெறும் தலைக் கணக்கு. நாற்பது வருடத்தில் கலப்பின மாடுகள் பெருகியது, பால் கூடியது எதுவுமே அதில் இருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு இடத்தில் 10 லட்சம் உழவு மாடுகள் இருந்தன, டிராக்டர் வந்தபிறகு அவை போய், அவற்றுக்குப் பதில் 5 லட்சம் கறவை மாடுகள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 27,000 டன், பிறகு 29,000 டன். மந்தை பாதியானது, மீத்தேன் கூடியது. 'மாடுகள் மொத்தம்' என்று ஒரே வரியில் வைத்திருந்தால் இது தலைகீழாகத் தெரிந்திருக்கும். அதனால் கறவை, மற்றவை, எருமை, ஆடு என்று தனித்தனி வரியாகவே வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நாட்டு மாடு, கலப்பினம் என்றும் பிரியுங்கள். அப்புறம் இரண்டு கணக்குப் போடுங்கள். ஒன்றில் பெருக்கல் எண்ணை முதல் வருடத்திலேயே நிறுத்தி வையுங்கள், எண்ணிக்கை மட்டும் மாறட்டும். இன்னொன்றில் பால் விளைச்சலுக்கு ஏற்பப் பெருக்கல் எண்ணையும் நகர்த்துங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் சுவாரசியமான பகுதி, அதைத்தான் கிடைக்கிற பல வரைபடங்கள் மறைக்கின்றன.

நெல்லில் எத்தனை என்பது பரப்பு, ஒன்றுக்கு எவ்வளவு என்பது தண்ணீர். 2006 வழிமுறைப்படி, பருவம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலுக்கு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.3 கிலோ. 120 நாள் பயிர் என்றால் 156 கிலோ. நடுவில் ஒருமுறை வயலைக் காயவிட்டால் அதை 0.6ஆல் பெருக்க வேண்டும், காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பலமுறை விட்டால் 0.52. வழக்கமான மானாவாரி நெல்லுக்கு 0.28தான். 2019ல் வந்த திருத்தத்தில் தெற்காசியாவுக்கென்று அடிப்படை எண்ணே 0.85 ஆகக் குறைந்துவிட்டது. பாருங்கள், ஒரே வயல், எந்த வழிமுறைப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஆகவே முழுக் காலத்துக்கும் ஒரே புத்தகம்.

நெல்லில் உண்மையான போக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், மானாவாரி நிலம் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்துக்கு மாறியதிலும், பாசன நிலத்தில் தண்ணீர் நிறுத்தும் பழக்கம் மாறியதிலும்தான். பரப்பு அப்படியே இருக்கும்போதே மீத்தேன் இரண்டு மடங்காகலாம், பாதியும் ஆகலாம். இதற்கான தரவு வருடவாரியாகக் கிடைப்பது அரிது. அதனால் பாசனப் பரப்பு விகிதத்தை வைத்துக்கொண்டு உயர்ந்தபட்சம், குறைந்தபட்சம் என்று இரண்டு கோடு போட்டு நடுவில் நிழல் கொடுத்துவிடுவது நேர்மையான வழி. வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுவது, எரு போடுவது இரண்டும் மீத்தேனைக் கூட்டும், அதையும் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள்.

நிலக்கரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நிலத்தடியா, திறந்தவெளியா? நிலத்தடிச் சுரங்கத்தில் டன்னுக்கு 18 கன மீட்டர், திறந்தவெளியில் 1.2, இவை ஐபிசிசியின் நடுத்தர எண்கள். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 0.67 கிலோ, அதாவது டன்னுக்கு 12 கிலோவா, 0.8 கிலோவா என்பதுதான் வித்தியாசம். இந்தியாவில் இப்போது வெட்டும் நிலக்கரியில் பெரும்பகுதி, 90 சதவீதத்துக்கும் மேல், திறந்தவெளியில் வருவது. உற்பத்தி பல மடங்கு ஏறியதைப் பார்த்து மீத்தேனும் அதே வேகத்தில் ஏறியிருக்கும் என்று போட்டால் பெரிய தப்பு. சீனா இதற்கு நேர் எதிர், அங்கே நிலத்தடிச் சுரங்கமே அதிகம். ஒரே 'ஆசிய நிலக்கரி' எண்ணால் இரண்டையும் பெருக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடிய நிலத்தடிச் சுரங்கமும் வருடக்கணக்கில் கசியும் என்பதை மறக்க வேண்டாம்.

குப்பை கொஞ்சம் குறும்பானது, ஏனென்றால் அதற்கு ஞாபகம் உண்டு. இந்த வருடம் வரும் மீத்தேன் இந்த வருடக் குப்பையிலிருந்து மட்டும் வருவதில்லை, பத்து இருபது வருடத்துக்கு முன் கொட்டியதும் மெல்ல மெல்ல மக்கிக்கொண்டிருக்கிறது. ஈரமான வெப்பமண்டலத்தில் கலப்புக் குப்பையின் அரை ஆயுள், அதாவது பாதி மக்க ஆகும் காலம், சுமார் 4 வருடம், வறண்ட வெப்பமண்டலத்தில் 10 வருடத்துக்கும் மேல். ஆகவே உங்கள் கணக்கு 1990ல் தொடங்கினாலும் குப்பையை மட்டும் 1960, 1970லிருந்தே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் பத்து வருடம் பூஜ்யத்திலிருந்து மேலேறும் ஒரு பொய்யான மலை கிடைக்கும். அதோடு, ஆழமில்லாமல் இங்கும் அங்கும் கொட்டிய குப்பைக்குக் காற்றுப் படுவதால் மீத்தேன் கணக்கைப் பெருக்க வேண்டிய காரணி 0.4தான், ஆழமாக உயர்ந்த குப்பைமேட்டுக்கு 0.8, முறையாக அமுக்கி மூடிய கிடங்குக்கு 1. நகரம் சுத்தமாகச் சுத்தமாக, வாயுவைப் பிடிக்கும் குழாய் போடாவிட்டால், மீத்தேன் இரண்டு மடங்காகலாம். கழிவுநீரிலும் அதே கதைதான், செப்டிக் டேங்க் வந்தால் அங்கே காற்றில்லாமல் மக்கும், காரணி 0.5. வளர்ச்சி என்று நாம் சொல்லும் பலவற்றில் இந்தப் பக்கமும் இருக்கிறது, அதற்காகச் செப்டிக் டேங்கைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய், எரிவாயு, அடுப்பில் எரிக்கும் விறகு, வறட்டி, வயலில் எரிக்கும் பயிர்த்தாள் ஆகியவற்றை எட்கர் எண்ணிலேயே விட்டுவிடலாம், உங்கள் பகுதி எண்ணெய் உற்பத்தி செய்யும் பகுதியாக இருந்தால் தவிர.

காற்றிடம் கேட்டுச் சரிபாருங்கள்

இதுவரை போட்டது தாளில் பெருக்கிய கணக்கு. காற்று வேறு மாதிரி சொல்லலாம், சொல்லவும் சொல்கிறது. உலக அளவில் 2008 முதல் 2017 வரையான சராசரியை நாம் போட்டது போல ஒவ்வொரு மூலமாகக் கீழிருந்து கூட்டினால் இயற்கை மூலங்களும் சேர்த்து வருடம் சுமார் 737 டெராகிராம், காற்றில் அளந்ததிலிருந்து பின்னோக்கிக் கணித்தால் 576. இவ்வளவு இடைவெளிக்குப் பெரிய காரணம் சதுப்பு நிலம், ஏரி, ஆறு ஆகியவற்றை அங்கங்கே இரண்டு முறை எண்ணிவிடுவது.

செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்ததும் முதலில் வரும் ஆசை, 2019ல் மஞ்சளாக இருந்த பகுதி 2022ல் சிவப்பாகிவிட்டது, அதனால் அங்கே வெளியேற்றம் கூடிவிட்டது என்று எழுதுவது. நிறுத்துங்கள். மீத்தேன் காற்றில் சுமார் ஒன்பது வருடம் வாழ்கிறது, உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. 1999 முதல் 2006 வரை உலகச் சராசரி கிட்டத்தட்ட நகரவே இல்லை, 2007லிருந்து திரும்ப ஏறுகிறது. 2020ல் சுமார் 15 பிபிபி (காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிபிபி), 2021ல் சுமார் 18 பிபிபி கூடியது. அந்த வருடங்களில் எந்தப் பகுதியை எடுத்தாலும் ஏறத்தாழ அவ்வளவு ஏறியிருக்கும், அங்கே ஒரு மாடுகூட இல்லாவிட்டாலும். எனவே காற்று எந்தப் பக்கமிருந்து உள்ளே வருகிறதோ அந்தப் பக்க அளவை முதலில் கழியுங்கள். மிச்சம் நிற்கும் சில பிபிபிதான் உங்கள் பகுதியுடையது, அதையும் காற்றின் வேகம் பாதிக்கும்.

இரண்டாவது வலை, மேகம். ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் 2009லிருந்து அளக்கிறது, ஐரோப்பாவின் ட்ரோபோமி என்ற அளவுக் கருவி 2017 இறுதியில் ஏவப்பட்டது. இரண்டும் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை வைத்தே அளக்கின்றன, மேகம் வந்தால் அவ்வளவுதான். தெற்காசியாவில் நெல் வயல்கள் நிறைய மீத்தேன் விடும் பருவமழை மாதங்களில்தான் வானம் மூடியிருக்கும். வருடச் சராசரி என்று நீங்கள் எடுப்பது உண்மையில் வெயில் மாதச் சராசரி. மாதவாரியாக எத்தனை அளவீடுகள் கிடைத்தன என்று முதலில் ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள், ஜூலை, ஆகஸ்ட் கட்டங்கள் எவ்வளவு காலியாக இருக்கின்றன என்று தெரியும்.

நாமே பின்னோக்கிக் கணிக்கும் மாதிரியை ஓட்டுவது வீட்டுக் கணினியில் நடக்கிற வேலை இல்லை, வெளியான ஆய்வுகளை எடுத்துக்கொள்வதே மேல். இந்தியாவுக்கு 2010 முதல் 2015 வரை அப்படிச் செய்த ஒரு ஆய்வு வருடம் சுமார் 2.2 கோடி டன் என்றது, அந்தக் காலத்தில் குறிப்பிடும்படியான ஏற்றம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. இந்திய அரசு ஐ.நா.வுக்குத் தந்த கணக்கோடு அது ஒத்துப்போனது, அப்போதைய எட்கர்தான் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதே வருடங்களில் சீனாவுக்குச் செய்த ஆய்வு, சுரங்க மீத்தேனைக் கட்டுப்படுத்த விதிகள் போட்ட பிறகும் வெளியேற்றம் வருடத்துக்கு வருடம் சுமார் 11 லட்சம் டன் வீதம் ஏறியதாகக் கண்டது. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே காலம், இரண்டு வேறு கதை. 'ஆசியாவில் மீத்தேன்' என்று தலைப்பு வைப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வை எடுக்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள், அவர்கள் தொடக்க ஊகமாக எதைக் கொடுத்தார்கள் என்று. எட்கரையே ஊகமாகக் கொடுத்து, அளவீடும் குறைவாக இருந்தால், வெளியே வருவதும் எட்கர் சாயலில்தான் இருக்கும். அப்புறம் 'செயற்கைக்கோளும் எட்கரும் ஒத்துப்போகின்றன' என்று எழுதுவது கண்ணாடியில் தன்னையே பார்த்துத் தலையாட்டுவது மாதிரி.

கோடு வரையும் நேரம்

தொடக்க வருடத்தையும் கடைசி வருடத்தையும் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். 2002, 2009 இரண்டும் இந்தியாவில் மழை பொய்த்த வருடங்கள், நெல் பரப்பு சுருங்கியது. 2002ல் தொடங்கினால் ஏற்றம் செங்குத்தாகும், 2009ல் முடித்தால் தட்டையாகும். தொடக்கத்தை மூன்று வருடம் முன்னே பின்னே நகர்த்தினாலும் நிற்கிற சாய்வை மட்டும் நம்புங்கள். எக்செல் தானாகப் போடும் நேர்கோட்டைவிட, எந்த இரண்டு வருடங்களை ஜோடி சேர்த்தாலும் அவற்றுக்கு நடுவே வரும் சாய்வுகளையெல்லாம் எடுத்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணைப் பார்ப்பது நல்லது, ஒன்றிரண்டு வறட்சி வருடம் அதைக் கெடுக்காது.

பிழையைப் பற்றி ஒரு ஆறுதலும் உண்டு. எருமைக்கு 55 கிலோ என்பது உண்மையில் 70 ஆக இருக்கலாம், ஆனால் 1990லும் 2020லும் ஒரே மாதிரி தவறாக இருந்தால் மொத்த அளவு தப்பும், சதவீத மாற்றம் தப்பாது. அதனால் 'இத்தனை கோடி டன்' என்பதைவிட 'இத்தனை சதவீதம் கூடியது' என்பதைக் கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். பெருக்கல் எண்ணே காலத்தோடு நகரும் இடங்களில், அதாவது பால், பாசனம், குப்பைமேட்டின் ஆழம் போன்றவற்றில், அந்தத் தைரியம் வேண்டாம்.

கடைசியில் வரைபடத்துக்குக் கீழே எழுதும் இரண்டு வரிகளில் ஐந்து விவரம் இருக்கட்டும்: மீத்தேன் டன்னா சமமான டன்னா, எந்தத் தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, எந்த வருட வழிமுறை, பெருக்கல் எண் நகர்ந்ததா நின்றதா, சதுப்பு நிலம் உள்ளேயா வெளியேயா. இவை இல்லாத வரைபடம் உங்களுக்கு யாராவது அனுப்பினால், முதலில் இந்த ஐந்தையும் கேளுங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.